ஒழுங்கை முடிவில் 14 படிகள்: மேலே பூசுவதா, கல்லைப் புரட்டுவதா?

கேணியடி எழுதியது:

வணக்கம் உறவுகளே. கொஞ்சம் அவசரமான விசயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை போகிறது. அது முடியும் இடத்தில் ஒற்றையடிப் பாதையாகக் குறுகி, கேணிப் பக்கமாக எட்டடி கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் 14 படிகள். எல்லாம் பொளிந்த சுண்ணாம்புக் கல். ஒவ்வொன்றும் நாலடி நீளம், ஓரடிக்குச் சற்றுக் கூடின அகலம், ஏழு அங்குலக் கனம். என் அப்பப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவை நடுவில் குழிந்துதான் இருந்தனவாம்.

இப்போது அந்தக் குழி இரண்டு அங்குலம். மாரியில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கிறது. ஆறாம், ஏழாம் படிகள் காலை வைத்தால் ஆடுகின்றன. பதினோராம் படி இரண்டாக வெடித்து ஒரு துண்டு கேணிக்குள் கிடக்கிறது. பன்னிரண்டாம் படி இருந்த இடத்தில் வெறும் மண். போன வருசம் விளக்கீட்டன்று தண்ணீர் எடுக்க இறங்கிய ஓர் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, இன்றுவரை தடி ஊன்றித்தான் நடக்கிறார். அவர் எனக்கு முதலாம் வகுப்பில் அரிவரி சொல்லித் தந்தவர். அன்று தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன்.

சனசமூக நிலையத்துப் பெடியள் 15 பேர் சிரமதானத்துக்கு ஆயத்தமாக நிற்கிறார்கள். பத்துப் பை சீமெந்து வாங்கி, படிகளுக்கு மேலே கொங்கிறீற் போட்டு மட்டம் பண்ணினால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடியும் என்பது அவர்களின் கணக்கு. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று அவர்களிடம் எடுத்துச் சொல்ல வரவில்லை. இப்போது ஆவணி. ஐப்பசி மழைக்கு முன் முடித்தாக வேண்டும்.


திண்ணைப்பிள்ளை எழுதியது:

அண்ணை, நான் கட்டட வேலைத் தளங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். உங்கள் பெடியள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒருவர் விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. இன்னொருவர் விழும் வரைக்கும் நாங்கள் பழைமை பேசிக்கொண்டிருக்க முடியாது. சரியான கலவையில் கொங்கிறீற் போட்டு, மேலே கரடாக விட்டு, ஏழு நாள் தண்ணீர் ஊற்றினால் முப்பது வருசம் நிற்கும். கல்லு வேலை தெரிந்த ஆட்களை இன்றைக்கு எங்கே பிடிப்பீர்கள்? ஒரு கல்லு 170 கிலோ வரும் என்று உங்கள் அளவுகளை வைத்துக் கணக்குப் பார்த்தேன். பழக்கமில்லாதவர்கள் தூக்கினால் விரல் போய்விடும்.


கல்லுளி எழுதியது:

தம்பி திண்ணைப்பிள்ளை, விரலைப் பற்றிச் சொன்னது சரி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கேணியடிக்கு.

நான் வலிகாமத்தில் 38 வருசமாக மேசன் வேலை செய்கிறேன். என் அப்பாவும் மேசன். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் தொடங்கியது. அப்பாவுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர்கள் அதற்கு முந்திய ஆட்கள், கை முழுக்கச் சுண்ணாம்பில் வெந்தவர்கள். அதனால் எனக்கு இரண்டு வேலையும் தெரியும். சீமெந்துக்கு நான் எதிரி அல்ல. என் பிள்ளைகள் படித்தது சீமெந்து வேலையில் வந்த காசில்தான்.

ஆனால் தேய்ந்த சுண்ணாம்புக் கல்லின் மேலே ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று பூசிய சீமெந்து நிற்காது. நூறு வருசம் கால் பட்டு வழவழத்த முகத்தில் அது பிடிக்கவே பிடிக்காது. வெயிலில் கல்லு ஒரு விதமாக விரியும், பூச்சு ஒரு விதமாக விரியும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை விடும், அதற்குள் தண்ணீர் போகும். இரண்டாவது மாரியில் ஓரம் பெயர்ந்து கத்தி மாதிரி நிற்கும். பாசி பிடித்த கல்லிலாவது பார்த்துக் கால் வைப்பீர்கள். பெயர்ந்த ஓரம் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று. சீமெந்து எங்கள் கல்லைவிட இறுக்கமானது. கல்லுக்குள் ஊறிய ஈரம் பூச்சு வழியாக வெளியேற முடியாமல் கல்லின் வழியாகவே வெளியேறப் பார்க்கும். உப்பும் கூடவே வரும். அந்த உப்பு கல்லை மாவாக்கும். கடற்கரைப் பக்க வீடுகளில் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசியவர்கள் தட்டிப் பார்க்கட்டும், சுவர் டொக் டொக் என்று கேட்கும்.

கேணியடி, உங்களிடம் ஒரு கேள்வி. ஆறாம், ஏழாம் படிகள் ஏன் ஆடுகின்றன? கால் பட்டதால் கல்லு தேயும், ஆடாது. ஆடுகிறது என்றால் அடியில் மண் போயிருக்கிறது. மண்ணைக் கொண்டுபோனது தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பாருங்கள். அதைப் பார்க்காமல் மேலே எதைப் போட்டாலும் காசு கேணிக்குள்தான்.

கல்லுக்கு நான் செய்வது இதுதான். அலவாங்கால் கிளப்பி எடுப்பேன். அடியைச் சுத்தம் பண்ணி, சல்லிக் கல்லும் சுண்ணாம்பும் போட்டு இறுக்குவேன். பிறகு கல்லைப் புரட்டிப் போடுவேன். தேய்ந்த முகம் கீழே போகும், ஒருவரும் மிதிக்காத முகம் மேலே வரும். அடிமுகத்தை முன்னோர்கள் பெரும்பாலும் பொளியாமல் கரடாகவே விட்டிருப்பார்கள். அதை உளியால் மட்டமாக்கி, வழுக்காதபடி கொத்திவிட்டால் இன்னொரு நூறு வருசத்துக்குப் போதும். முருகைக்கல், அதாவது கடலில் எடுக்கிற பவளக் கல் என்றால் இப்படிச் செய்ய முடியாது, உதிர்ந்துவிடும். உங்களுடையது இறுகிய வெள்ளைக் கல் என்று நினைக்கிறேன். ஒரு சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். மணிச்சத்தம் வந்தால் புரட்டலாம். மந்தமாகக் கேட்டால் உள்ளே வெடிப்பு இருக்கிறது, அதைத் தூக்கும்போதே உடையும்.


பனையடிவாரம் எழுதியது:

தம்பி கேணியடி, நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். அந்தக் கேணியில் நீந்திப் பழகியவன். படியில் விழுந்த ரீச்சர் எனக்கும் படிப்பித்தவர். இங்கே எங்கள் ஊர்க்காரர் பத்துப் பேர் சேர்ந்தால் கிறனைற் பலகை போட்டுத் தரலாம். பளபளவென்று, கோயில் மண்டபம் மாதிரி இருக்கும். எவ்வளவு வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.


முற்றத்துவேம்பு எழுதியது:

நான் 71 வயதுப் பொம்பிளை. பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள்.

பனையடிவாரம் தம்பி, உங்கள் மனதுக்கு நன்றி. பளபளப்பு மட்டும் வேண்டாம் ராசா. ஈரக் காலோடு மினுங்குகிற கல்லில் இறங்குவது எப்படி என்று என்னைப் போன்றவர்களைக் கேளுங்கள். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் இறங்கும்போது, பக்கத்தில் நிற்பவர் யார் என்று முகம்கூடப் பார்க்காமல் கையைப் பிடித்துக்கொள்வேன். பிடிக்க ஒன்று இருந்தால் போதும், கால் தன்பாட்டில் இறங்கும்.

கல்லைப் புரட்டுகிறீர்களோ பூசுகிறீர்களோ, அது ஆம்பிளைகள் பேசி முடியுங்கள். எனக்குக் கேட்க இருப்பது இரண்டு. கையைப் பிடிக்க ஒரு கம்பி. நடுவில் குடத்தை இறக்கி வைத்து மூச்சு விட ஓர் இடம். நிறைகுடத்தோடு 14 படி ஒரே மூச்சில் ஏறுவது இளம் பிள்ளைகளுக்குத்தான். இந்தத் திட்டத்தைப் போட்ட 15 பேரில் ஒருவராவது குடம் தூக்கி ஏறியிருக்கிறாரா?


கேணியடி எழுதியது:

அம்மா, ஒருவரும் ஏறவில்லை. நானும் இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. நாளைக்கு நிறைகுடத்தோடு ஏறிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கல்லுளி அண்ணை, நீங்கள் சொன்னபடி தண்ணீர் வரும் வழியைப் பார்த்தேன். மழை இல்லாத நாள் என்பதால் ஒழுங்கைத் தலைப்பில் நின்று இரண்டு பரல் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டோம். அப்படியே ஓடி வந்து முதலாம் படியில் விழுந்தது, பக்கத்தில் ஒரு துளி போகவில்லை. காரணமும் பிடிபட்டது. நான் சின்னவனாக இருந்தபோது ஒழுங்கையின் இரு பக்கமும் கிளுவை வேலி. மழை வெள்ளம் கதியால்களுக்கு இடையால் வளவுகளுக்குள் இறங்கித் தென்னையடிக்குப் போய்விடும். இப்போது இரண்டு பக்கமும் மதில். போதாததற்கு ஒழுங்கைக்கு மூன்று தரம் கிறவல் கொட்டி முக்கால் அடி உயர்த்தியிருக்கிறோம். பக்கத்தில் இருந்த வெள்ளவாய்க்கால் தூர்ந்து அதன்மேல் ஒரு வாழை நிற்கிறது. ஆக, ஒழுங்கையே இப்போது வாய்க்கால். எங்கள் படி அதன் மதகு. 2008இல் நிஷா புயல் மழையிலும் 2020இல் புரெவி மழையிலும் இந்தப் பாதையில் முழங்கால் அளவு வெள்ளம் ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் பன்னிரண்டாம் படியின் அடி அரிந்திருக்க வேண்டும்.


திண்ணைப்பிள்ளை எழுதியது:

இந்தப் பரல் சோதனையைப் படித்ததும் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். நான் மேற்பரப்பை மட்டும் யோசித்தேன். இவ்வளவு தண்ணீர் வந்தால் என் கொங்கிறீற்றின் அடியும் அரிந்து பலகை மாதிரித் தொங்கியிருக்கும்.

முதலாம் படிக்கு மேலே, பாதைக்குக் குறுக்காக ஒரு சாய்வான வாய்க்கால் வெட்டுங்கள். ஒன்பது அங்குல அகலம் போதும். தண்ணீரைப் பக்கத்துக்குத் திருப்பி, கேணிக் கரையால் கல்லு பாவிய ஒரு சரிவில் இறக்குங்கள். மதில்காரரிடம் கேட்டு மதிலின் அடியில் நாலு இடத்தில் ஓட்டை விட்டால் இன்னும் நல்லது. கிணற்றுக்கும் தண்ணீர் போகும். எங்கள் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல மாரியில் ஓடுகிற வழுக்கியாறுதான் இருக்கிறது. மற்றப்படி நிலத்துக்குள் இறங்குகிற மழைதான் எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

உயரக் கணக்கும் பார்த்தேன். எட்டடி என்றால் 96 அங்குலம். 14ஆல் பிரித்தால் ஒவ்வொரு படியும் 6.86 அங்குலம் வரும். நல்ல உயரம், முன்னோர்கள் கணக்கோடுதான் போட்டிருக்கிறார்கள். வயதானவர்களுக்காக ஆறு அங்குலமாகக் குறைத்தால் 16 படி வேண்டும், பாதையில் அதற்கு நீளம் காணாது. அதனால் உயரத்தைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடினால் அதில்தான் கால் தட்டும். முதல் மூன்று படி இறங்கியதும் கால் அந்த உயரத்தைப் பழகிவிடுகிறது, பிறகு கண் பார்ப்பதில்லை. ஒவ்வொரு படியும் முன்பக்கம் கால் அங்குலம் சரிந்திருக்கட்டும். தண்ணீர் நிற்காது.


பழையசுவடு எழுதியது:

தொடங்குவதற்கு முன் ஒரு சொல். இலங்கையின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியது என்று கருதக்கூடிய கட்டுமானம் எதுவானாலும் அது தொல்பொருட் சின்னம் என்ற வரையறைக்குள் வரும். உங்கள் படி அப்படிப் பழையதோ, ஆலயத்தைப் புதுக்கியபோது போட்டதோ, எழுத்தில் ஒரு சொல் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பாதை பிரதேச சபையினுடையது, கேணி ஆலய பரிபாலன சபையினுடையது. இரண்டு இடத்திலும் கடிதம் வாங்குங்கள். கிராம அலுவலருக்கும் ஒரு பிரதி. நாலு நாள் அலைச்சல்தான்.

அதைவிட முக்கியமாக, ஒரு கல்லைக்கூடத் தூக்குவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள். கரித்துண்டால் இலக்கம் எழுதுங்கள், பெயின்ற் வேண்டாம், கல்லு குடித்துவிடும். புரட்டும்போது அடிமுகத்தை நன்றாகப் பாருங்கள். பழைய கட்டடம் ஒன்றின் கல்லைக் கொண்டுவந்து படியாகப் போடும் வழக்கம் எங்கும் இருந்தது. எழுத்தோ, பூ வேலையோ தென்பட்டால் உளி வைக்க வேண்டாம். அப்படியே நிறுத்திவிட்டு அறிவியுங்கள்.

பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைப் பாருங்கள். தெருவால் போகிற எவரும் ஏறிக் களைப்பாற என்று கட்டியது. நல்லூர் யமுனா ஏரி ‘ப’ வடிவில் வெட்டியது. இவை பெயர் பெற்றவை, படம் எடுக்க ஆட்கள் வருவார்கள். ஊர் ஒழுங்கைப் படிக்கு அப்படி ஒருவரும் இல்லை. ஊரவர் பார்த்தால்தான் உண்டு.


வடலி எழுதியது:

ஒரு விசயம் சொல்ல வேண்டும். சண்டைக்காக எழுதவில்லை.

நான் அதே ஊர். கேணிக்குக் கிழக்கே இருக்கிற குடியிருப்பு. என் அம்மம்மாவை இந்த 14 படியில் ஒரு படிகூட இறங்க விட்டதில்லை. மேலே நின்று, யாராவது மனம் இரங்கிப் பட்டையால் அள்ளி ஊற்றினால் குடத்தில் ஏந்துவாராம். சில நாள் மத்தியானம் வரைக்கும் நிற்பாராம். 1957இல் தீண்டாமைக்கு எதிரான சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகச் சனம் நின்றது. எங்கள் படிக்கு அந்தக் காற்று வந்து சேர இன்னும் எத்தனையோ வருசம் எடுத்தது. அந்தக் கல்லின் நடுக்குழி தேய்ந்ததில் அம்மம்மாவின் கால் இல்லை. ஆனால் அந்தக் கல்லுகளைச் சுமந்து வந்து போட்டவர்களில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இப்போது நாங்கள் இறங்குகிறோம். ஒருவரும் மறிப்பதில்லை. ஆனாலும் சிரமதானம் என்றால் கல்லுத் தூக்க எங்கள் தெருவுக்கு ஆள் வரும், கூட்டத்துக்குச் சொல்ல ஆள் வராது. இந்த முறை முதலில் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். என்ன கல்லு, எந்தப் பக்கம் கம்பி, எந்த நாள் என்று பேசும்போது நாங்களும் இருக்க வேண்டும். என்னிடம் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் இருக்கிறது. மணலும் கல்லும் ஏற்றித் தருகிறேன், கூலி வேண்டாம்.


கேணியடி எழுதியது:

வடலி, இதை மூன்று தரம் வாசித்தேன். நான் போட்ட 15 பேர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். உங்கள் தெருவில் இருந்து ஒருவர் பெயரும் இல்லை. வேண்டுமென்று விட்டது இல்லை என்று சொல்லலாம், ஆனால் அது பதில் ஆகாது. பட்டியலைக் கிழித்துவிட்டேன். வருகிற வெள்ளி பின்னேரம் கேணியடியிலேயே கூட்டம், மண்டபத்தில் இல்லை. நானே இன்றைக்கு உங்கள் தெருவில் வீடு வீடாக வந்து சொல்கிறேன். அம்மம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கூட்டத்தில் சொல்ல விருப்பம் என்றால் சொல்லுங்கள். விருப்பம் இல்லை என்றால் நான் அதை எடுக்கவில்லை.

முற்றத்துவேம்பு அம்மா, நிறைகுடத்தோடு ஏறினேன். எட்டாம் படியில் மூச்சு முட்டியது. எனக்கு 43 வயது.


பனையடிவாரம் எழுதியது:

கிறனைற் யோசனையை விட்டுவிட்டேன். வேம்பு அக்கா சொன்னது சரி. நான் இங்கே இருந்து படத்துக்கு அழகாக யோசித்திருக்கிறேன்.

உங்களுக்கு இரண்டு கல்லு குறைகிறதல்லவா, பதினொன்றும் பன்னிரண்டும். ஒழுங்கைத் தொடக்கத்தில் எங்கள் வளவு இருக்கிறது, தெரியும்தானே. வீடு ஷெல் விழுந்து உடைந்தது. பிறகு கூரை போனது, பிறகு சுவர். இப்போது தலைவாசல் படி மூன்று மட்டும் நிற்கிறது என்று போன முறை வந்தபோது பார்த்தேன். அதே வெள்ளைக் கல், அதே நீளம், என் பூட்டனார் காலத்தில் போட்டது. அதில் இரண்டை எடுங்கள். கடிதம் எழுதி, கையெழுத்து வைத்து அனுப்புகிறேன், ஒருவரும் பிறகு ஒன்றும் சொல்லக்கூடாது. அப்பா பின்னேரத்தில் அந்தப் படியில் இருந்துதான் பேப்பர் வாசிப்பார். வீடு இனிக் கட்டப்போவதில்லை. நாலு பேர் நடக்கிற இடத்தில் கிடக்கட்டும்.


கல்லுளி எழுதியது:

அண்ணை, மனதார நன்றி. ஒன்றை முன்கூட்டியே சொல்கிறேன். அப்பா இருந்த முகம் தேய்ந்திருந்தால் அது கீழேதான் போகும். மேலே தெரியாது.


பனையடிவாரம் எழுதியது:

போகட்டும். அது அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.


கல்லுளி எழுதியது:

சரி, இனிச் சுண்ணாம்பு. கவனமாக வாசியுங்கள்.

நீற்றின சுண்ணாம்பை வாங்கி, அரித்து, பரலில் தண்ணீருக்குள் ஊறப் போடுங்கள். மேலே எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். மூன்று கிழமை ஊறினால் தயிர் மாதிரி வரும். அந்த மூன்று கிழமைக்குள் வாய்க்கால் வேலையையும் கடித வேலையையும் முடியுங்கள். கலவை, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கழுவாத கடல் மணல் வேண்டாம். அப்பா பனங்கட்டித் தண்ணீர் கொஞ்சம் கலப்பார். கலவை வழுவழுப்பாகும், மெதுவாக இறுகும். நானும் கலப்பேன்.

மாரியில் தண்ணீருக்குள் போகிற கீழ்ப் படிகளுக்கு இந்தக் கலவை மட்டும் காணாது. வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டுத்தான் இறுகும், தண்ணீருக்குள் கரைந்துபோகும். நன்றாகச் சுட்ட செங்கல்லை இடித்து, மாவாக அரித்து, சுண்ணாம்போடு சமபங்காகச் சேருங்கள். அப்போது ஈரத்துக்குள்ளும் இறுகும். பழைய ஆட்கள் கேணிகளைக் கட்டியது இப்படித்தான்.

முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பு கேட்டு ஒருவரும் கடற்கரைக்குப் போக வேண்டாம். யாழ்ப்பாணக் கோட்டையில் முருகைக்கல் இருக்கிறதே என்று சொல்வார்கள், அது ஒல்லாந்தர் காலம். 1988இல் சட்டத்தைத் திருத்திக் கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதைத் தடைசெய்துவிட்டார்கள். தடை இல்லாவிட்டாலும் வேண்டாம், அதுதான் எங்கள் கரைக்கு வேலி.

கல்லுத் தூக்குவது. ஒருவரும் தூக்க வேண்டாம். தம்பி சொன்ன 170 கிலோ சரியான கணக்கு. இரண்டு அலவாங்கு, நாலு பழைய இரும்புக் குழாய், இரண்டு பனஞ் சலாகை. கிளப்பு, குழாயைச் செருகு, உருட்டு. கல்லுக்கு அடியில் கை போகவே கூடாது, எப்போதும் ஒரு மரக்கட்டை போகட்டும். ஒரு ஆள் மட்டும்தான் ‘ஏலேலோ’ சொல்ல வேண்டும், இரண்டு பேர் சொன்னால் அங்கேதான் விரல் நசியும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேலை முடிந்ததும் நனைத்த சாக்குப் போட்டு பத்து நாள் ஈரமாக வைத்திருங்கள். அந்தப் பத்து நாளும் படியில் ஒருவரும் ஏறக்கூடாது. ஆடும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி பற்றி. இரும்பைக் கல்லுக்குள் துளைத்து நடாதீர்கள். துருப்பிடித்தால் இரும்பு வீங்கும், கல்லைப் பிளக்கும். படிக்கு வெளியே, பக்க மண்ணில் தனிக் குழி வெட்டி, அங்கே சீமெந்தில் தூண் நடுங்கள். அங்கே சீமெந்துதான் சரி.


மாரிமழை எழுதியது:

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆடுகிற கல்லுக்கு அடியில் சுருட்டையும் கண்ணாடி விரியனும் படுத்திருக்கும். முதலில் அலவாங்கால் கிளப்பி, தள்ளி நின்று பார்த்துவிட்டுக் கிட்டப் போங்கள். சப்பாத்தோடு நில்லுங்கள். கடித்தால் கட்டுப் போட்டு, கீறி, கல்லு வைத்து என்று நேரம் கடத்தாமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் மருந்து இருக்கிறது.

மற்றது, வாய்க்கால் வெட்டும்போது துருப்பிடித்த இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் எல்லாரையும் விலக்கி, 119இல் பொலிசுக்குச் சொல்லுங்கள். எங்கள் மண்ணில் இன்னும் கிடக்கிறது. சிரமதானத்துக்குச் சின்னப் பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்கு முதலே சொல்லி வையுங்கள்.


கேணியடி எழுதியது:

நீண்ட நாள் எழுதவில்லை, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு 41 பேர் வந்தார்கள். வடலியின் அம்மா பேசினார். நீளமாக ஒன்றும் பேசவில்லை. தன் தாய் நின்ற இடத்தைக் காட்டினார், முதலாம் படிக்கு மேலே, பூவரசுக்குக் கிழக்குப் பக்கம். கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழும்பி, சின்ன வயதில் தானும் மறித்திருக்கிறேன் என்றார். அதற்கு மேல் நான் எழுதவில்லை. கைபிடி எந்தப் பக்கம் என்று பேச்சு வந்தபோது, கிழக்குப் பக்கம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

கடிதங்கள் கிடைத்தன. வாய்க்கால் இரண்டு நாளில் முடிந்தது. மதில்காரர்களில் மூன்று பேர் ஓட்டை விடச் சம்மதித்தார்கள், ஒருவர் இன்னும் யோசிக்கிறார்.

கல்லுளி அண்ணை மூன்று சனி, ஞாயிறும் பஸ் ஏறி வந்தார். சுத்தியலால் தட்டி ஒன்பது கல்லுக்கு மணிச்சத்தம் கேட்டது, அவற்றைப் புரட்டினோம். மூன்றுக்கு மந்தமான சத்தம். அவற்றைப் புரட்டாமல் அடியை மட்டும் இறுக்கி, மேல்முகத்தைக் கொத்திக் கரடாக்கினோம். ஐந்தாம் கல்லின் அடியில் யாரோ உளியால் கீறிய மூன்று கோடு இருந்தது. எழுத்து இல்லை, கல்லு வெட்டி எடுத்தவர் போட்ட அடையாளமாக இருக்கும் என்றார் அண்ணை. பழையசுவடு, படம் எடுத்து அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகுதான் அதை வைத்தோம். உளி வைக்கவில்லை. நாலாம் கல்லின் அடியில் சுருட்டை ஒன்று இருந்தது. மாரிமழை எழுதியதை வாசித்திருந்தபடியால் எல்லாரும் தள்ளித்தான் நின்றோம், அது தன்பாட்டில் போய்விட்டது.

பனையடிவாரம் அண்ணை, உங்கள் கல்லு இரண்டும் இப்போது பதினோராம், பன்னிரண்டாம் படி. லாண்ட்மாஸ்ரரில் ஏற்றும்போது உங்கள் மாமி வந்து நின்று பார்த்தார். தலைவாசல் கல்லு ஓரத்தில்தான் தேய்ந்திருந்தது. அதனால் ஒன்றைப் புரட்டாமலே போட முடிந்தது. எந்த முகம் என்று கேட்டீர்கள் என்றால், பன்னிரண்டாம் படி, அப்பா இருந்த முகம் மேலே.

வெடித்த பழைய பதினோராம் கல்லைக் கேணிக்குள் இருந்து எடுத்து, எட்டாம் படிக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் சுமைதாங்கி மாதிரி வைத்திருக்கிறோம். குடத்தை இறக்கி வைக்கலாம். முதல் குடம் வைத்தது எங்கள் ரீச்சர். தடியோடு வந்து, கைபிடியைப் பிடித்து எட்டுப் படி இறங்கினார். குடத்தை வடலியின் மகள் தூக்கிக்கொண்டு கூட வந்தாள்.


முற்றத்துவேம்பு எழுதியது:

குடம் வைக்கிற கல்லின் உயரம் என்ன பிள்ளை? இடுப்பு என்றால் யாருடைய இடுப்பு?


கேணியடி எழுதியது:

இரண்டரை அடி அம்மா. மாதர் சங்கத்தில் ஐந்து பேரை நிறுத்தி அளந்துதான் வைத்தோம்.


திண்ணைப்பிள்ளை எழுதியது:

போன ஞாயிறு நேரில் போய் அளந்தேன். 14 படியில் 13 படியின் உயர வித்தியாசம் கால் அங்குலத்துக்குள். பத்தாம் படி மட்டும் அரை அங்குலம் கூட. கண்டுபிடிக்க அளவுநாடா தேவைப்படவில்லை, இறங்கும்போதே கால் சொல்லிவிட்டது.


கேணியடி எழுதியது:

நேற்று இரவு முதல் பெரிய மழை. விடிய நாலு மணிக்கு ரோர்ச் லைற்றோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். எனக்கு முதலே வடலி அங்கே நிற்கிறார். வாய்க்காலால் வெள்ளம் திரும்பிச் சரிவால் கேணிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. படியில் வானத்து மழை மட்டும்தான், அதுவும் முன்பக்கமாக வழிந்து போனது. ஆறும் ஏழும் அசையவில்லை, இரண்டு பேரும் ஏறி நின்று குதித்துப் பார்த்தோம்.

வாய்க்காலின் கீழ் முனையில், சரிவு தொடங்கும் இடத்தில் மண் கொஞ்சம் அரிந்திருக்கிறது. அதற்கு இன்று பின்னேரம் நாலு கடகம் சல்லிக் கல்லுப் போடுகிறோம். பத்தாம் படியைத் தை பிறந்து தண்ணீர் வற்றியதும் திரும்பக் கிளப்புவோம். கல்லுளி அண்ணை, அதுவரைக்கும் மிச்சச் சுண்ணாம்பு பரலில் தண்ணீருக்குள்ளேயே இருக்கலாமா, அல்லது வேறு ஏதும் செய்ய வேண்டுமா?


கல்லுளி எழுதியது:

இருக்கலாம். மேலே நாலு விரல் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள், பரலை மூடி வை. தைப்பொங்கல் முடிந்த சனிக்கிழமை வருகிறேன்.